பாண்டியம்மாள் அக்கா மாற்றிய போர்டு

பாண்டியம்மாள் அக்கா எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உடனே வயரில் கை வைக்க மாட்டார். பையிலிருந்து பனியன் துணி நறுக்குகளை எடுத்து மேசையில் பரப்புவார். கட்டிங் மேசைக்கு அடியில் விழுகிற வேஸ்ட்தான். விரல் நீளத்துக்குக் கிழித்து வைத்திருப்பார். ஒரு வயருக்கு ஒரு நிறம். வயரின் நுனியில் ஒரு சிவப்பு, அது செருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு. அடுத்ததற்கு மஞ்சள். அப்புறம்தான் கழற்றுவார். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்குத் தாயத்து கட்டறீங்களா?" என்று கேலி பேசியவர்கள் உண்டு.

"ஆமாண்ணே, ஓங்க கண்ணு பட்டுறக் கூடாதுல்ல" என்று தலை நிமிராமல் சொல்வார்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்தவர். முதலில் கைமடி, அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் இருபது வருடம் ஓவர்லாக் டெய்லர். மிஷின் மோட்டார் நின்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. தானே கழற்றிப் பார்த்து ஓட வைத்துவிடுவார். ஒருநாள் ஆபீசில் பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்றுபோக, யாரோ விளையாட்டாக, "பாண்டியம்மாளக் கூப்புடுங்க" என்றார்கள். அன்றைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. அடுத்த வாரமே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டார். ஆறு மாதம். அங்கே அவர் ஒருவர்தான் பெண். நாற்பதை நெருங்கியவரும் அவர் ஒருவர்தான்.

படித்து முடித்ததும் வேலை வந்து கொட்டிவிடவில்லை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், "ஆம்பளை யாரும் வரலீங்களா?" என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். சின்னக் கம்பெனிகள் ஆறு மட்டும் அவரை நம்பின. அந்த ஆறும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்களுடையவை. ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டதுதான். அந்த ஆறில் முதலாவது, வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி; அங்கே அவரைப் பற்றிச் சொன்னது நான். எனக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்த பீஸில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் கேட் ரூம் என்று ஒரு சின்ன அறை; வாசல் கேட் இல்லை, கம்ப்யூட்டரில் அளவு வரைகிற CAD. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர். துணியில் எந்த அளவை எங்கே வெட்டினால் வேஸ்ட் குறையும் என்று அதில்தான் மார்க்கர் போடுவார்கள்; போட்டதை நீளமான பேப்பரில் பிரிண்ட் எடுத்துத் துணி மேல் விரித்து வெட்டுவார்கள். அந்த சாஃப்ட்வேர் திறக்க ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அளவில் ஒரு பெட்டி, கம்ப்யூட்டரின் பின்னால் இருபத்தைந்து துளை உள்ள இடத்தில் செருகியிருக்கும். இப்போது விற்கிற கம்ப்யூட்டர் எதிலும் அந்தத் துளைகள் கிடையாது. மாற்று வயர் போட்டால் பூட்டு ஏற்றுக்கொள்ளாது. பூட்டு இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பேட்டர்ன், அதாவது வெட்டு வடிவங்கள், ஒன்றும் திறக்காது.

போன வருடம் தீபாவளி முடிந்த சமயம். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பும் கம்ப்ரசரைப் பார்க்கிறவரும் வரவில்லை. கம்ப்ரசர் டேங்க்கின் அடியில் தண்ணீர் தேங்கும். தினமும் காலையில் வால்வைத் திறந்து வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அதிகமாகத் தேங்கும். ஒரு வாரமாக யாரும் வடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மிஷின்களில் ஒட்டிய பஞ்சை ஏர் கன் வைத்து ஊதிச் சுத்தம் செய்வது வழக்கம். அன்று ஆள் இல்லாததால் முதலாளி சதீஷ்குமாரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். வேலைக்கு அஞ்சாதவர் அவர். மிஷின் எல்லாம் முடித்துவிட்டு, குழாய் நீளம் இருந்ததால் கேட் ரூமுக்குள்ளும் போனார். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, "எப்படிப் பஞ்சு அடஞ்சு கெடக்குது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஊதினார். பீஸ் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கதவோரம் போன நான் பார்த்தேன். கன் முனையில் பழுப்பாக ஒரு துளி தொங்கியது. அடுத்த ஊதலில் அது காணாமல் போனது. நான் கட்டைச் சுமந்துகொண்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

மார்க்கர் போடும் ஜனனி ஸ்விட்சை அமுக்கினாள். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினாள். அதுவும் இல்லை. அன்று காலைதான் குழந்தைகள் செட்டுக்கான துணி டையிங்கிலிருந்து வந்து இறங்கியிருந்தது. பின்னல் துணியை ஒரு நாள் விரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும்; இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும். செவ்வாய் மத்தியானம் வெட்டு தொடங்காவிட்டால் ஆர்டர் கொடுத்தவர்கள் துணியை அள்ளிக்கொண்டு வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியே மார்க்கர் போடலாம் என்றால், பையர் ஒப்புக்கொண்ட பேட்டர்ன் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு பாண்டியம்மாள் அக்கா வந்தார். பவர் தருகிற பெட்டியை மாற்றிப் பார்த்தார். மெமரியைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டார். மெமரி இல்லையென்றால் நல்ல போர்டு கத்த வேண்டுமாம். இது கத்தவில்லை.

"போர்டு போயிருச்சுண்ணே. மதர்போர்டு" என்றார்.

சதீஷ்குமார் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "பத்து நாளைக்கு முன்னால இதத் தொறந்தது நீங்கதானுங்க?"

"மெமரி போட்டேன். ஓட்டிக் காட்டிட்டுத்தானண்ணே போனேன்."

"காட்டுனீங்க. பதினஞ்சு வருசமா ஓடுன பொட்டி, நீங்க கைய வெச்ச பத்தாம் நாளு படுத்துக்கிச்சு. அதத்தான் சொல்றனுங்க." அவர் குரல் உயரவே இல்லை. "பெருமாநல்லூர்ல எங்க மாமன் கம்பெனிக்கும் நீங்கதான போறீங்க? பெரியப்பா ஊட்டுப் பசங்களுதுக்கும்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது ஓடோணுமுங்க. ஓடலீன்னா அத்தன பேருத்துக்கும் நானே போனப் போட்டுச் சொல்லிப்போடுவன், அந்தம்மாளக் கூப்புடாதீங்கன்னு. அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அக்கா துணி நறுக்குகளைப் பையில் போட்டார். நிறம் பிரிக்காமல் அவர் அள்ளிப் போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனேன்.

"அக்கா, சனிக்கெழம மொதலாளி அதுக்குள்ள ஏர் அடிச்சாருங்க்கா."

"எந்த ஏரு?"

"மிசினுக்கு அடிக்கறதேதான். தண்ணியோட வந்துச்சு. நா பாத்தன்."

வாயருகே கொண்டுபோன சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டார். "வேற யாரு பாத்தா?"

"நா மட்டுந்தான். நா வேணும்னா போயிச் சொல்லட்டுமா?"

"ஏ அமரா, கிறுக்கா ஒனக்கு? நீ சொன்னன்னா நாளைக்கு ஒனக்குக் கேட்டத் தொறக்க மாட்டாங்க. எனக்கும் உபயோகம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரிய வச்சுச் சொல்ல வைக்கிறா, தப்பிக்கப் பாக்கிறான்னு பேச்சு வரும். மொதல்ல ஓட வைக்கணும். ஓடாத பொட்டிய வச்சுக்கிட்டு நாயம் பேசுனா எவன் கேப்பான்?"

"ஓடலீன்னா?"

"நல்ல நேரத்துல நல்லாக் கேக்குற" என்று டப்பாவை மூடினார்.

போர்டில் அச்சடித்திருந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடைகளில் ஏறி இறங்கினார். மூன்று கடைகளில், "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்க" என்றார்களாம். நான்காவது கடைக்காரர், "அந்தச் சாக்குல பாருங்க, இருந்தா உங்க அதிர்ஷ்டம்" என்று ஒதுங்கிவிட்டார். சாக்கில் இருந்த முப்பது நாற்பது போர்டுகளையும் கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார். அதே நம்பரில் இரண்டு கிடைத்தன. ஒன்றில் சின்ன டப்பா போன்ற உருப்படிகள் தலை வீங்கி உப்பியிருந்தன. அதைத் திரும்பப் போட்டுவிட்டார். மற்றதில், கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் ஒன்றைக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிப் போட்டுக் கத்த வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்; போர்டைப் பையில் இருந்த வெள்ளைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் தொடங்கினார். டார்ச் பிடிக்க என்னைக் கேட்டார். செக்கிங் சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே என்னை அனுப்பினார். துணி கட்டிங் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. கட்டிங் மாஸ்டர் அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கோடு போட்ட ரிப் துணி ஒன்று. எல்லாம் கட்டி முடித்துப் பழைய போர்டை வெளியே எடுத்து, அதிலிருந்த பிராசசரைக் கழற்றிக்கொண்டார். போர்டைத் தலைகீழாகப் பேப்பர் மேல் வைத்துவிட்டுப் புதியதை எடுத்தார். புதியது என்று சொல்வது பழக்கத்தில்தான். அதற்கும் பதினைந்து வயது இருக்கும். இனிக் கழற்றிய பிராசசரை இதில் உட்கார வைக்க வேண்டும். அது உட்காரும் குழியில் முடியைவிட மெல்லிய ஊசிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். இன்னொன்று ஊரில் இல்லை.

அக்கா பிராசசரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குழிக்கு மேல் கொண்டுபோனார்.

"இருங்க்கா" என்றேன்.

"என்ன?"

"ஓரத்துல, மூணாவது வரிசைல ஏதோ வெள்ளையா இருக்குது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்துக் காட்டினேன். ஒரு பஞ்சு இழை, ஊசிகளுக்கு நடுவில் படுத்திருந்தது.

"அடக் கூத்தே. நான் சுத்திக் கொண்டாந்த துணியோடதுடி இது" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவேன், போர்டப் பஞ்சுத் துணில சுத்தாதன்னு."

துணியில் கலந்த வேற்று நிற இழையைப் பிடுங்க நாங்கள் வைத்திருக்கும் சாமணத்தை எடுத்து வந்தேன். அவர் எடுக்கட்டும் என்று நீட்டினேன். "ஒனக்குத்தான தெரியுது, நீயே எடு" என்றார். எடுத்தேன். ஊசியில் படாமல் எடுக்க எத்தனை நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. மூச்சை விட்டபோது அறை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு எல்லாம் மாட்டியாயிற்று. சதீஷ்குமார் உள்ளே வந்து நின்றார். அக்கா ஸ்விட்சை அமுக்கினார். ஃபேன் சுற்றியது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு ஒரே ஒரு சத்தம், குருவி கத்தியது போல. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன.

"அப்பாடி" என்றாள் ஜனனி.

"எதையும் தொட்டுறாதீக. பின்னாடி பூட்டச் செருகிட்டு வாரேன், அப்புறமா செட்டிங் பாக்கணும்" என்று அக்கா மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். திரையில் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினால் மேலே போகலாம் என்று எழுதியிருந்ததாம். ஜனனி, உதவி செய்வதாக நினைத்து அமுக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் தானாகப் போய்ப் பழைய படத்தோடு முழுசாகத் திறந்துகொண்டது. சாஃப்ட்வேரின் படம் நடுவில் தெரிந்தது.

"வந்துபோச்சு பாருங்க!" என்று சதீஷ்குமார் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு மவுசைப் பிடித்தார். அம்பு அந்தப் படத்தின் மேல் போய் நின்றது.

அக்கா நிமிர்ந்தவர் திரையின் மூலையைப் பார்த்தார். மறு நொடி மேசைக்கு மேலாகக் கையை நீட்டி முதலாளியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"விடுங்க மவுச!"

வேலைக்கு வந்த ஒருவர் முதலாளி கையைப் பிடித்து எங்கள் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. அதுவும் ஒரு பெண். சதீஷ்குமாரின் முகம் காது வரைக்கும் சிவந்தது.

"கைய எடுங்கம்மா" என்றார். "ங்க" இருந்தது, ஆனால் பல்லுக்கு இடையில் வந்தது.

"எடுக்கிறேண்ணே. நீங்க மொதல்ல எடுங்க. அந்த மூலைல தேதியப் பாருங்க."

பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி ஒன்று.

"போர்டு சும்மா கெடந்ததுல அதோட செல்லு செத்துருச்சு. தேதி பின்னாடி போயிருச்சு. இந்தத் தேதில சாஃப்ட்வேரத் தொறந்தீகன்னா, எவனோ ஏமாத்தப் பாக்கிறான்னு நெனச்சு அது பூட்டிக்கிரும். அப்புறம் நான் இல்ல, எவன் வந்தாலும் தொறக்காது."

சதீஷ்குமார் மவுசிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா பிடியை விட்டார். மணிக்கட்டில் நாலு விரல் தடம் இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, என் கைக்கடிகாரத்தில் இருந்து வட்டமான செல் கிடைக்குமா என்று கேட்டார். அது சின்னது, பொருந்தவில்லை. எதிர்க்கடையில் வாங்கி வந்து போட்டு, செட்டிங்கில் தேதியைச் சரி செய்தார். தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது, பன்னிரண்டு ஆகியிருந்தது. மறுபடி திறந்தது. இந்த முறை அவரே படத்தை அமுக்கினார்.

பூட்டு இல்லை என்று வந்தது.

கட்டிங் மாஸ்டர் வெளியில் யாருக்கோ போனில், "இன்னும் அர மணி நேரமுங்க, வண்டிய அனுப்பாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா மறுபடி அணைத்தார். செட்டிங்கில் அந்த இருபத்தைந்து துளைக்கு மூன்று வகை இருக்கிறதாம். முதல் வகையை மாற்றி இரண்டாவதைப் போட்டார். பூட்டு இல்லை. அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து வகுப்பில் எழுதிய நோட்டை எடுத்து ஏதோ தேடினார், கிடைக்கவில்லை, மூடினார். மூன்றாவது வகையைப் போட்டார்.

திறந்தது. ஜனனி பேட்டர்னைக் கூப்பிட்டாள். குழந்தைச் சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெரிய பிரிண்டர் பேப்பரை இழுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டதும் கட்டிங் மாஸ்டர், "போடுங்கடா லேயர!" என்று துணியை அடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார்.

அப்போதும் சதீஷ்குமார் போகவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "ஓடுது, செரி. ஆனா போனது எதுனாலீங்க? அத நீங்க சொல்லவே இல்லையே" என்றார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. தலைகீழாகக் கிடந்த பழைய போர்டை எடுத்துத் திருப்பி முதலாளி முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி நறுக்கை வைத்தார்.

"நான் தொடைச்சுக் காட்டுனா நானே தடவிட்டேன்னு தோணும். நீங்களே இந்தப் பெரிய சில்லுக்கு அடில விட்டு இழுங்கண்ணே."

அவர் இழுத்தார். துணியில் பழுப்பாக ஒரு கோடு. எண்ணெய் வழவழப்பு. முகர்ந்து பார்த்தார். கம்ப்ரசர் ரூமுக்குள் போகிறவர்கள் யாருக்கும் தெரிந்த வாடை அது.

"மெமரி மாத்துற எடம் அந்த ஓரத்துல இருக்கு. அங்க தொடைங்க, வெள்ளையாத்தான் வரும்" என்றார் அக்கா.

சதீஷ்குமார் அங்கே துடைக்கவில்லை. துணியை மடித்தார். பிறகு ஜனனி பக்கம் திரும்பி, "கண்ணு, இனிமே இந்தப் பொட்டிக்கு யாரும் ஏர் அடிக்கக் கூடாது. நா அடிச்சாலும் கைய வந்து புடிச்சுக்கோ. புடிக்கறதுக்கு நம்மூட்ல ஆளு பழகியாச்சு" என்றார். ஜனனி சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை; வயர்களில் கட்டிய துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகும்போது முதலாளி, "சாப்புட்டுட்டுப் போங்க அம்மிணி" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வலது கையை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். "மொதலாளி அவரு மாமனுக்குப் போன் போடுவாருங்களா அக்கா?" என்று கேட்டேன். "போட்டா போடட்டும்" என்றார்.

சதீஷ்குமார் சொந்தக்காரர்களிடம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆறு கம்பெனிகளில் எதுவும் அவரை நிறுத்தவில்லை; பங்குனிக்குள் மேலும் மூன்று கூப்பிட்டன. எங்கள் கம்பெனியில் கம்ப்ரசர் தண்ணீரைக் காலையில் வடிப்பது இப்போது செக்கிங் ஆட்களின் வேலை. அந்தப் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது. அதே நம்பரில் இன்னொரு போர்டு கோயமுத்தூர் வரைக்கும் தேடியும் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தடவை போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்; அவரும் புது சாஃப்ட்வேருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.